யார் கேட்ட உதவி?

2004 டிசம்பர் 26 அன்று காலை ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஏறி இறங்கியபோது, மாநிலத்தில் இறந்தவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர்கள். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் உடல்களைத் தேடி எடுக்கும் வேலை முடிவதற்குள்ளேயே வெளியூர்களிலிருந்து லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்து இறங்கின. யாரும் தொடாமல் அவை சாலையோரங்களில் குவிந்து கிடந்து நனைந்தன. முந்தைய நாள் வரை கடலுக்குப் போய்ச் சொந்த உழைப்பில் சாப்பிட்டு, பண்டிகைக்குப் புதுத்துணி எடுத்து வந்த குடும்பங்கள் அவை. பிறர் உடுத்திக் கழித்த துணியை வீதியில் நின்று பொறுக்குவது அவர்களுக்கு இழப்பின் மேல் விழுந்த இன்னோர் அடி. சேலைகள் மலைபோல் கிடக்க, பெண்களுக்கு அவசரமாக வேண்டியிருந்த உள்பாவாடையும் உள்ளாடையும் மாதவிலக்குத் துணியும் அந்த மூட்டைகளில் இல்லை. அள்ளிப்போடும் வேலை கடைசியில் துப்புரவுப் பணியாளர்கள் தலையில் விழுந்தது. இடிபாடுகளையும் உடல்களையும் அகற்றுவதற்காகப் பிற நகராட்சிகளிலிருந்துகூட வரவழைக்கப்பட்டிருந்தவர்கள் அவர்கள். கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார்கள். அந்த நல்ல மனம் எந்த இடத்தில் வழி தவறியது என்று கேட்காமல் பேரிடர்த் தொண்டைப் பற்றிப் பொறுப்பாகப் பேச முடியாது.

இக்கட்டுரை சொல்ல வருவது இதுதான். பேரிடர்க் காலத் தொண்டின் மதிப்பை, கொடுப்பவரின் உள்ளத்தைக் கொண்டோ வந்து சேர்ந்த ஆட்களின் எண்ணிக்கையைக் கொண்டோ அளக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் கேட்டது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே அளவுகோல். இந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால் தொண்டு நிறுவனத்தின் முதன்மை வேலை ஆள் திரட்டுவது என்பது மாறிவிடும். கேட்பவரின் குரல் வந்து சேர ஒரு பாதை போடுவதும், அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு நடக்கத் தொண்டரைப் பழக்குவதுமே முதல் வேலை ஆகும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. நடைமுறையில் பெரிய நிறுவனங்கள்கூடத் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடம் இது.

பேரழிவு நடந்த இடத்தை நோக்கி வெளியிலிருந்து ஆளும் பொருளும் செய்தியும் ஒருசேரப் பாய்ந்து வருவதை 1957-இலேயே சார்லஸ் ஃப்ரிட்ஸ், ஜே. எச். மாத்யூசன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தனி நிகழ்வாக எடுத்து ஆராய்ந்தார்கள். மக்கள் பீதியில் சிதறி ஓடுவார்கள் என்ற பொது நம்பிக்கைக்கு மாறாக, இடத்தைவிட்டு ஓடுபவர்களைக் காட்டிலும் இடத்தை நோக்கி வருபவர்களால்தான் நெருக்கடி அதிகம் என்பதை அவர்கள் காட்டினார்கள். உறவினரைத் தேடி வருபவர், உதவ வருபவர், வேடிக்கை பார்க்க வருபவர், ஆதாயம் தேடி வருபவர் எல்லோரும் ஒரே சாலையில்தான் வருகிறார்கள். ஆம்புலன்ஸ் போக வேண்டிய சாலையும் அதுவே. அறுபது எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கணிப்பு பொய்க்கவில்லை. மாறியது வேகம் மட்டும். அன்று வானொலி கேட்டு வந்தவர்கள் இன்று கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்ததும் கிளம்பிவிடுகிறார்கள்.

இதற்கு உடனே எழும் மறுப்பு நியாயமானது. உயிர் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் முறை, ஒழுங்கு என்று பேசிக்கொண்டிருப்பதா? இதற்கான விடை, முதல் மணி நேரங்களில் உயிரைக் காப்பவர்கள் யார் என்பதில் இருக்கிறது. 1995 ஜனவரி 17 விடியற்காலை ஜப்பானின் கோபே நகரைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தார்கள். இடிபாடுகளில் சிக்கியவர்கள் சுமார் 35 ஆயிரம் பேர் என்றும், அவர்களில் 27 ஆயிரம் பேர் வரை குடும்பத்தினராலும் அக்கம்பக்கத்தாராலும் மீட்கப்பட்டார்கள் என்றும் ஒரு மதிப்பீடு உண்டு. தீயணைப்புத் துறை, காவல்துறை, தற்காப்புப் படை ஆகிய மூன்றும் சேர்ந்து மீட்டவர்கள் மிச்சமுள்ள பங்குதான். எந்த அறையில் பாட்டி படுத்திருப்பாள் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். எவ்வளவு தேர்ந்த மீட்புக் குழுவானாலும் அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் ஆழிப்பேரலை அன்றே சமைத்துப் போட்டு மீனவக் குடும்பங்களுக்கு இடம் கொடுத்தது அவ்வூர் ஜமாஅத். அடுத்த ஊர் என்பதால் எத்தனை பேருக்கு உலை வைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. ஆகவே வெளியூர்த் தொண்டர் சற்றுப் பொறுத்து, கேட்டு வருவதால் முதல் நாள் உயிர்கள் கைவிடப்படுவதில்லை. அந்த நாள் ஊராருடையது.

2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு போனதை இந்த வாதத்துக்கு எதிராக எடுத்துக் காட்டலாம். யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் கிளம்பியவர்கள் அவர்களில் பலர். சுமார் 670 படகுகளில் சென்ற நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மீனவர்கள் 65 ஆயிரம் பேரை மீட்டதாக அரசுக் கணக்கு சொல்கிறது. ஆனால் அதைத் திடீர் உணர்ச்சியின் வெற்றி என்று படிப்பது அந்த மீனவர்களைக் குறைத்து மதிப்பதாகும். ஆற்று வெள்ளத்தின் இழுப்பில் படகைத் திருப்பி நிறுத்தும் கை ஒரு வாழ்நாள் பயிற்சியால் வந்தது. துறைமுகம், தேவாலயம், மீனவர் சங்கம் என்று ஏற்கெனவே ஒருவரை ஒருவர் அறிந்த வலைப்பின்னல் வழியாகத்தான் படகும் லாரியும் டீசலும் ஒன்று சேர்ந்தன. செங்ஙன்னூருக்கும் ஆலுவாவுக்கும் வந்த பிறகு அவர்களுக்கும் உள்ளூர் ஆள் தேவைப்பட்டார். தண்ணீருக்கு அடியில் மதில் எங்கே, மின்கம்பம் எங்கே, எந்த வீட்டு மாடியில் ஆள் இருக்கிறது என்று படகின் முன்னால் உட்கார்ந்து யாராவது சொல்ல வேண்டியிருந்தது. திறமை வெளியிலிருந்து வந்தது. திசையைச் சொன்னது ஊர். நல்ல தொண்டு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை.

கேட்காமல் கொடுப்பது வீண் என்பதோடு நிற்பதில்லை, கேடும் செய்கிறது. 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாப் பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது பச்சிளங்குழந்தைகளுக்கென்று பால்மாவு டின்கள் தாராளமாக விநியோகிக்கப்பட்டன. பின்னர் நடந்த ஆய்வில், நன்கொடைப் பால்மாவு பெற்ற குழந்தைகளிடையே வயிற்றுப்போக்கு மற்றக் குழந்தைகளைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது தெரியவந்தது. காரணம் பெரிய ரகசியமில்லை. கிணற்று நீர் கெட்டிருக்கிறது, கொதிக்க வைக்க விறகில்லை, புட்டியைக் கழுவ வழியில்லை. அதுவரை தாய்ப்பால் குடித்த குழந்தையிடம் பால்மாவு நோயைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் அச்சே மாநிலத்துக்கு நாலாயிரம் டன் அளவுக்கு மருந்துகள் வந்து குவிந்தன. பெரும்பகுதியின் உறையில் உள்ளூர்க்காரர் படிக்க முடியாத மொழி. மருந்தைப் பிரித்து அடுக்கவும் காலாவதியானதை அழிக்கவும் ஆளும் பணமும் தனியே தேட வேண்டியிருந்தது.

நாகப்பட்டினக் கடற்கரையில் இதே கதை படகுகளின் வடிவில் நடந்தது. உடைந்த படகுக்குப் புதுப்படகு என்பது கண்ணுக்குத் தெரியும் உதவி. நன்கொடையாளரின் பெயரைப் பக்கவாட்டில் எழுதிப் படம் எடுக்கலாம். எனவே பல நிறுவனங்கள் படகு கொடுக்கப் போட்டி போட்டன. கட்டுமரம் வைத்திருந்த பலருக்கு ஃபைபர் படகு வந்தது. கூலிக்குக் கடலுக்குப் போனவர்கள் சிலர் படகு உரிமையாளர் ஆனார்கள். அது நல்லதுதான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் படகு கூடியபோது ஏறிச் செல்லும் ஆள் கூடவில்லை, கரையோரக் கடலில் மீனும் கூடவில்லை. மீன் விற்றுப் பிழைத்த விதவைகளுக்கும், கருவாடு போட்ட கிழவிகளுக்கும், வயலில் உப்புநீர் புகுந்து கூலி இழந்த விவசாயத் தொழிலாளர்களுக்கும் அதே வேகத்தில் எதுவும் வரவில்லை. படம் எடுக்க வாகாக இல்லாத இழப்பு அவர்களுடையது.

பணத்தின் கதையும் வேறல்ல. ஆழிப்பேரலை நிவாரணத்தை உலக அளவில் மதிப்பிட்ட கூட்டு ஆய்வுக்குழு 2006-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, திரட்டப்பட்ட தொகை 1,350 கோடி டாலர்; பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டாலர் என்ற கணக்கு. அதே 2004-இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்ததோ தலைக்கு 3 டாலர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, பேரலை நடந்து ஒன்றிரண்டு வாரங்களுக்குள்ளேயே, இந்தப் பணிக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, இனி இதற்கென்று அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. மற்ற நிறுவனங்களுக்கு அது பிடிக்கவில்லை. தொண்டு நிறுவனம் ஒன்று போதும் என்று சொல்வது அவ்வளவு அரிது. என் பார்வையில், அந்த ஆண்டின் நேர்மையான அறிவிப்புகளில் முதல் வரிசையில் வைக்க வேண்டியது அது.

அதே நாகப்பட்டினத்தில் நல்ல முன்மாதிரி ஒன்றும் உருவானது. பேரலைக்குப் பிந்தைய சில நாட்களிலேயே, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் நாகையில் ஏற்கெனவே மீனவப் பெண்களிடையே வேலை செய்து வந்த ஸ்நேகா அமைப்பும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஆட்சியர் அலுவலகத்திலேயே தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைத் தொடங்கின. வெளியூரிலிருந்து வரும் குழுக்கள் அங்கே பதிந்துகொண்டு, எந்த ஊரில் என்ன தேவை, யார் ஏற்கெனவே போயிருக்கிறார்கள் என்று கேட்டுப் போகலாம். பின்னர் ஊர்களிலும் தகவல் மையங்கள் வந்தன. அங்கே வேலை செய்த தொண்டர்கள் செய்ததெல்லாம் பட்டியல் எழுதுவது, சரிபார்ப்பது, திருத்துவது, அரசாணையை மக்களுக்குப் படித்துச் சொல்வது. வீட்டுக்கு வந்தால் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஒரே குடும்பத்துக்கு நான்கு ஸ்டவ் அடுப்பும் அடுத்த குடும்பத்துக்கு ஒன்றுமில்லாமலும் போவதை அந்த நோட்டுப் புத்தகம்தான் தடுக்க முடியும். பட்டியல் எழுதும் தொண்டரையும் உடலைத் தூக்கிய தொண்டரையும் சமமாக மதிக்க நாம் இன்னும் பழகவில்லை.

ஜப்பான் இந்தப் பாடத்தை அமைப்பாகவே மாற்றியது. கோபேயில் ஓராண்டில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தொண்டு செய்ய வந்ததால் 1995-ஐ அங்கே 'தன்னார்வத்தின் முதலாண்டு' என்கிறார்கள். 1998-இல் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கான சட்டம் வந்தது. அதற்குப் பிறகு பேரிடர் நடந்த ஊர்களில் பெரும்பாலும் அங்குள்ள சமூக நல மன்றமே தன்னார்வலர் மையத்தைத் திறக்கிறது. வேலை நடக்கும் விதம் கவனிக்கத் தக்கது. வீட்டுக்காரர் தன் தேவையைச் சொல்ல, அது ஒரு சீட்டில் ஏறுகிறது: தரைப்பலகைக்கு அடியில் சேறு, நாலு பேர் தேவை, வயதானவர் தனியாக இருக்கிறார். மைய ஊழியர் நேரில் போய்ப் பார்த்து வருகிறார். காலையில் வந்து பதிந்த தொண்டர்கள் குழுவாகப் பிரிந்து அந்தச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். மண்வெட்டியையும் தள்ளுவண்டியையும் மையம் கொடுக்கும். சோறும் தண்ணீரும் ரப்பர் பூட்சும் தொண்டரே கொண்டுவர வேண்டும். காப்பீடு எடுத்திருக்க வேண்டும். மாலையில் திரும்பி வந்து எது முடிந்தது, எது மிச்சம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். எந்தச் சாமானைக் குப்பையில் போடலாம் என்பதை வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். சேற்றில் ஊறிய ஒரு புகைப்படம் தொண்டருக்குக் குப்பை; அந்த வீட்டுக்கு இறந்தவரின் மிஞ்சிய ஒரே முகம் அதுவாக இருக்கலாம்.

இவ்வளவு ஒழுங்குக்கும் ஒரு விலை உண்டு; என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய ஆகக் கடினமான சான்றும் ஜப்பானிலிருந்தே வருகிறது. 2024 ஜனவரி 1 அன்று நோதோ தீபகற்பத்தை நிலநடுக்கம் தாக்கியபோது, சாலைகள் உடைந்திருப்பதால் தனிநபர்கள் வர வேண்டாம் என்று இஷிகாவா மாநில நிர்வாகம் கேட்டுக்கொண்டது. பொதுத் தன்னார்வலர்களை அது அனுப்பத் தொடங்கும்போது வாரங்கள் கடந்துவிட்டன. முதியவர்கள் குளிரில் முகாம்களில் கிடக்க, உதவத் தயாராக இருந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்று கடும் விமர்சனம் எழுந்தது. ஒசாகா பல்கலைக்கழகத்தின் அத்சுமி தொமோஹிதே அதற்கு வெகு முன்பிருந்தே, ஒழுங்குபடுத்தும் வேட்கை தொண்டின் உயிரையே நெரித்துவிடும் என்று எழுதிவந்தவர். பாதிக்கப்பட்டவரின் அருகில் சும்மா உட்கார்ந்திருப்பதுகூடச் சீட்டில் எழுத முடியாத ஒரு தேவை என்பது அவர் நிலைப்பாடு. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் நோதோவில் தடையாக நின்றது அலுவலகத்தின் குரல். கேட்டவரின் குரல் அதில் இல்லை. முன்பே அப்பகுதியில் தொடர்பு வைத்திருந்த, பயிற்சி பெற்ற அமைப்புகள் முதல் நாட்களிலேயே உள்ளே போய் வேலை செய்தன. அழைப்புக்குக் காத்திருப்பது என்றால் ஆட்சியரின் கடிதத்துக்குக் காத்திருப்பது என்று பொருளல்ல. பேரிடருக்கு முன்பே அந்த ஊரில் நாலு பேரைத் தெரிந்து வைத்திருந்தால் அழைப்பு அன்றிரவே வரும்.

இன்னொரு மறுப்பு நம் மண்ணிலிருந்து வருகிறது. ஊர் கேட்டதைக் கொடு என்றால், ஊர் என்பது யார்? நாகப்பட்டினத்தில் வலுவான மீனவர் பஞ்சாயத்துகள் விநியோகத்தைக் கட்டுக்கோப்பாக நடத்தின, குழப்பம் குறைந்தது. ஆனால் அந்தக் கட்டுக்கோப்புக்கு வெளியே இருந்த தலித் குடும்பங்கள் பல இடங்களில் முகாமிலும் பட்டியலிலும் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. ஆண் இல்லாத வீடுகளுக்குப் பஞ்சாயத்தில் குரல் இல்லை. கையில் ஆவணமே இல்லாத இருளர்கள் கணக்கிலேயே வரவில்லை. இங்கே ஊர்த்தலைவர் சொன்னதைக் கேட்டு நடந்த தொண்டு நிறுவனம் ஒழுங்காக நடந்தது, அநியாயமாகவும் நடந்தது. இந்த மறுப்பு என் அளவுகோலைக் கூராக்குகிறது என்றே நினைக்கிறேன். பாதிக்கப்பட்டவர் கேட்டது என்னும்போது, கேட்கும் இடத்துக்கே வர முடியாதவரின் குரலும் அதில் அடங்க வேண்டும். ஒதுக்கப்பட்டவர்களைக் கண்டுபிடித்தவர்கள் லாரியில் வந்து பொட்டலம் வீசிவிட்டு மாலையே திரும்பியவர்கள் இல்லை. சாலையிலிருந்து தள்ளியிருக்கும் குடியிருப்பு வரை நடந்து போய், ரேஷன் அட்டை இல்லாத வீட்டையும் எழுதிக்கொண்டவர்களே. பட்டியலை யார் எழுதுகிறார், யாரோடு போய் எழுதுகிறார் என்பது உணவுப் பொட்டலத்தின் எண்ணிக்கையை விட முக்கியமாவது இதனால்தான்.

இந்தியாவில் 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2016-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 'ஆப்த மித்ரா' என்ற பெயரில் தன்னார்வலர் பயிற்சியைத் தொடங்கி, பிறகு 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேர் என்று விரிவாக்கியது. முதலுதவி, வெள்ள மீட்பு, கயிறு கட்டுதல் எல்லாம் கற்றுத் தருகிறார்கள். வரவேற்க வேண்டிய திட்டம். நான் அதில் கூடுதலாக எதிர்பார்ப்பது கயிற்றைவிட எளிய ஒன்றை: தன் வட்டாரத்தில் நடக்க முடியாதவர் எத்தனை பேர், டயாலிசிஸ் செய்துகொள்பவர் யார், தாழ்வான தெரு எது, எந்தப் பள்ளிக்கூடத்தில் கழிப்பறை வேலை செய்கிறது என்பதைத் தன்னார்வலர் ஆண்டுதோறும் எழுதி வைத்திருப்பது. வெள்ளம் வந்த பிறகு இதைக் கணக்கெடுக்க முடியாது.

இளைஞர்களின் ஆர்வத்தை இப்படி விதிகளால் கட்டினால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள் என்ற கவலையையும் கேட்கிறோம். கோபேக்கு வந்தவர்களில் பலர் அதற்கு முன் எந்தத் தொண்டும் செய்யாத இளைஞர்கள். அந்த அனுபவம் ஒரு தலைமுறையையே மாற்றியது உண்மை. ஆர்வம் கெட்டுப்போவது காத்திருப்பதாலா, போன இடத்தில் செய்ய ஒன்றுமில்லாமல் அலைக்கழிவதாலா என்பதே கேள்வி. கையில் சீட்டோடு போய் ஒரு வீட்டுச் சேற்றை அள்ளி முடித்தவர் மறு வாரம் திரும்பி வருவார். சாலை நெரிசலில் மாட்டி, கொண்டுபோன பொட்டலத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் திரும்பியவர்தான் வராமல் போகிறார்.

படம் எடுப்பவர்கள் போன பிறகு என்ன நடந்தது என்பதற்கும் நாகப்பட்டினமே சாட்சி. உப்புநீர் ஏறிய வயல்கள் பல ஆண்டுகளுக்கு விளையாது என்று பேசப்பட்ட நேரத்தில், இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வாரும் அவரோடு சேர்ந்த தன்னார்வலர்களும் அங்கே போய்த் தங்கினார்கள். மேலே படிந்த கடல் சேற்றை அகற்றி, வயலைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, ஆழ உழுது, மழைநீரில் உப்பைக் கரைய விட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். உப்பைத் தாங்கும் பழைய நெல் ரகங்களைத் தேடிக் கொண்டுவந்தார்கள். என்ன ரகம், எந்த மேட்டில், எப்போது தண்ணீர் கட்டுவது என்பதையெல்லாம் அந்த நிலத்தில் உழுதவர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. நிவாரண லாரிகள் எப்போதோ திரும்பிப் போயிருந்தன. தக்கைப்பூண்டு பூக்க ஒன்றரை மாதமாகும்.